ஸ்வாப் இடமும் எஸ்எஸ்டி தேய்மானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்எஸ்டி மாட்டிய கையோடு ஸ்வாப்பை, அதாவது ரேமில் இருப்பதை எழுதி வைக்க டிஸ்கில் ஒதுக்கும் இடத்தை, அணைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். எழுத எழுத எஸ்எஸ்டி தேயும், ஸ்வாப் ஓயாமல் எழுதும், ஆகவே ஸ்வாப் ஆகாது என்பது அவர்கள் கணக்கு. எஸ்எஸ்டி தேயும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கணினியில் ஸ்வாப் எவ்வளவு எழுதுகிறது என்பதை அளந்து பார்க்காமல் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாகவே போகிறது. அளப்பது எப்படி, அளந்த பிறகு எதை மாற்றுவது என்பதுதான் இந்தப் பக்கம்.

பதில்களில் பெரும்பகுதி லினக்ஸுக்கானது. விண்டோஸும் மேக்கும் தனியாக வருகின்றன. கட்டளைகளின் பெயரை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

ஸ்வாப் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

ரேமில் இருப்பவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, டிஸ்கில் ஏற்கெனவே நகல் உள்ளவை: நிரல்களின் குறிமுறை, லைப்ரரிகள், நீங்கள் திறந்து படித்த கோப்புகள். இடம் வேண்டுமென்றால் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) இவற்றைச் சும்மா தூக்கி எறியலாம். தேவைப்படும்போது டிஸ்கிலிருந்து திரும்பப் படித்துக்கொள்ளும். மற்றொன்று, ரேமில் மட்டுமே இருப்பவை: பிரவுசர் டேபின் உள்ளடக்கம், சேமிக்காத ஆவணம், ஒரு நிரல் கேட்டு வாங்கிய நினைவகம். இவற்றை எறிய முடியாது. எங்காவது எழுதி வைத்தால்தான் ரேமில் இடம் காலியாகும். அந்த "எங்காவது"தான் ஸ்வாப்.

ரேம் தீர்ந்த பிறகு மட்டும் வேலை செய்யும் அவசரக் கிடங்கு என்று இதை நினைத்துவிடக் கூடாது. காலையில் தொடங்கியபின் யாரும் தொடாத பக்கங்கள் (கர்னல் ரேமைப் பிரித்துக் கையாளும் சிறு துண்டுகள்) ரேமில் சும்மா உட்கார்ந்திருக்கும். அவற்றை வெளியே தள்ளி, அந்த இடத்தை அடிக்கடி படிக்கும் கோப்புகளுக்குக் கொடுப்பதும் அதன் வேலையே.

எஸ்எஸ்டி ஏன் தேய்கிறது?

எஸ்எஸ்டி தரவை வைத்திருப்பது ஃபிளாஷ் செல் என்ற நுண்ணிய அறைகளில். ஃபிளாஷ் செல்லில் எழுதுவதும் அழிப்பதும் மின்னழுத்தத்தால் எலெக்ட்ரான்களைக் காப்புப் படலத்தின் வழியே தள்ளும் வேலை. ஒவ்வொரு முறையும் அந்தப் படலம் கொஞ்சம் பழுதாகிறது. ஒரு செல்லில் எத்தனை பிட் அடைக்கிறோமோ அந்த அளவுக்கு மின்னழுத்த நிலைகளுக்கு இடையிலான இடைவெளி குறுகும், தேய்மானமும் சீக்கிரம் தெரியும். செல்லுக்கு ஒரு பிட் வைக்கும் எஸ்எல்சி சுமார் 1,00,000 முறை தாங்கும். மூன்று பிட் வைக்கும் டிஎல்சி பொதுவாக 1,000 முதல் 3,000 முறை. நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி அதற்கும் கீழே. படிப்பதால் இந்தத் தேய்மானம் வருவதில்லை என்றே கொள்ளலாம். ஸ்வாப்பைப் பொறுத்தவரை இது முக்கியம்: ஸ்வாப்பிலிருந்து திரும்பப் படிப்பது இலவசம், ஸ்வாப்புக்குள் எழுதுவதற்குத்தான் விலை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபிளாஷில் எழுதுவது சில கிலோபைட் அளவுள்ள பக்கம் பக்கமாக நடக்கும். அழிப்பதோ பல மெகாபைட் கொண்ட முழு பிளாக்காக மட்டுமே முடியும். 4 கேபி மாறினாலும், அதே பிளாக்கில் உயிரோடிருக்கும் மற்ற பக்கங்களை ஒருநாள் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத்தான் பழையதை அழிக்க வேண்டும். இப்படி நீங்கள் எழுதியதைவிட ஃபிளாஷ் அதிகமாக எழுதுவதை எழுத்துப் பெருக்கம் என்கிறோம். டிரைவ் நிரம்பி வழியும்போது இந்தப் பெருக்கம் கூடும். 10 முதல் 20 சதவீதம் காலியாக விடச் சொல்வது இதனால்தான்.

பெட்டியில் போட்டிருக்கும் டிபிடபிள்யூ எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

எத்தனை டெராபைட் எழுதும்வரை வாரண்டி செல்லும் என்ற எண் அது. அதைத் தாண்டியதும் டிரைவ் செத்துவிடும் என்று பொருளில்லை. சாம்சங் 970 ஈவோ பிளஸ் 500 ஜிபிக்கு 300 டெராபைட், 5 ஆண்டு. கிங்ஸ்டன் ஏ400 240 ஜிபிக்கு 80 டெராபைட், 3 ஆண்டு. முதலாவதை நாள்கணக்கில் பிரித்தால் தினமும் சுமார் 164 ஜிபி. இரண்டாவது சுமார் 73 ஜிபி.

ஸ்வாப், அப்டேட், பிரவுசர் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதுகிறீர்கள் என்று வைப்போம். விலை மலிவான அந்த 80 டெராபைட் டிரைவுக்கே 4,000 நாள், அதாவது கிட்டத்தட்ட 11 ஆண்டு ஆகும். அதற்குள் கணினியே பழசாகியிருக்கும்.

அப்படியானால் ஸ்வாப்பால் எஸ்எஸ்டிக்கு ஆபத்தே இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. சாதாரணப் பயன்பாட்டுக்கும், ரேம் போதாமல் கணினி இடைவிடாமல் பக்கங்களை மாற்றிக்கொண்டிருக்கும் நிலைக்கும் இடையே உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. அலுவலக வேலையாக ஒரு நாளில் 8 மணி நேரம், நொடிக்கு 20 எம்பி ஸ்வாப்புக்குள் போய்க்கொண்டே இருக்கிறது என்றால் நாளுக்கு 576 ஜிபி. மேலே சொன்ன 80 டெராபைட் டிரைவ் 139 நாளில் அதன் எல்லையைத் தொடும். ஏதோ ஒரு நிரல் இரவும் பகலும் நொடிக்கு 100 எம்பி ஓட்டினால் 9 நாள் போதும். ஆக, "ஸ்வாப் எஸ்எஸ்டியைக் கொல்லும்" என்பதும் "கொல்லவே கொல்லாது" என்பதும் அளக்காமல் பேசும் பேச்சு.

ஆறுதலுக்கும் ஓர் எண் உண்டு. 2013 முதல் 2015 வரை டெக் ரிப்போர்ட் இணையதளம் 240 முதல் 256 ஜிபி வரையிலான ஆறு எஸ்எஸ்டிகளை எடுத்து, சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தது. எல்லாமே 700 டெராபைட்டைக் கடந்தன. கடைசிவரை நின்ற சாம்சங் 840 புரோ 2,400 டெராபைட் எழுதிய பிறகே போனது. அவற்றில் பெரும்பாலானவை செல்லுக்கு இரண்டு பிட் வைக்கும் பழைய எம்எல்சி வகை என்பதை மறக்க வேண்டாம். இன்றைய கியூஎல்சி டிரைவிடம் அதையே எதிர்பார்க்கக் கூடாது.

ஃப்ரீ கட்டளை 2 ஜிபி ஸ்வாப் பயன்பாட்டில் என்கிறது. கவலைப்பட வேண்டுமா?

அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எங்களிடம் வரும் கேள்விகளில் பாதி, இந்த ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்தவர்களுடையது. 2 ஜிபி பயன்பாட்டில் இருக்கிறது என்றால் இப்போது 2 ஜிபி அங்கே *கிடக்கிறது* என்று மட்டுமே பொருள். மூன்று நாளைக்கு முன் ஒரே முறை எழுதப்பட்டு அதன்பின் யாரும் தொடாமல் கிடக்கலாம். தேய்மானம் கிடப்பதால் வருவதில்லை, போக்குவரத்தால் வருகிறது.

போக்குவரத்தைப் பார்க்க விஎம்ஸ்டாட் கட்டளையை 5 விநாடி இடைவெளி கொடுத்து ஓட்டுங்கள். அதில் எஸ்ஐ, எஸ்ஓ என்று இரண்டு நெடுவரிசைகள் வரும். எஸ்ஐ உள்ளே வருவது, எஸ்ஓ வெளியே எழுதப்படுவது. இரண்டும் நொடிக்கு இத்தனை கிலோபைட். முதல் வரியை விட்டுவிடுங்கள், அது கணினி தொடங்கியதிலிருந்து எடுத்த சராசரி. அடுத்த வரிகளில் எஸ்ஓ பெரும்பாலும் 0 ஆகவும், புதிதாக ஒரு நிரலைத் திறக்கும்போது மட்டும் சில ஆயிரமாகத் துள்ளி அடங்கினால், எல்லாம் நலம். வேலை செய்யும் நேரம் முழுக்க எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் ஆயிரக்கணக்கில் நின்றால் ரேம் போதவில்லை. எந்த அமைப்பை மாற்றினாலும் அது முழுத் தீர்வாகாது. ரேம் கூட்ட வேண்டும், அல்லது ஓட்டுவதைக் குறைக்க வேண்டும்.

நாள்கணக்கு வேண்டுமானால் இன்னும் துல்லியமான வழி இருக்கிறது. பிராக் கோப்புறைக்குள் விஎம்ஸ்டாட் என்ற பெயரிலேயே ஒரு கோப்பு உண்டு. அதில் பிஎஸ்டபிள்யூபிஅவுட் என்ற வரியைத் தேடுங்கள். தொடங்கியது முதல் ஸ்வாப்புக்கு அனுப்பிய பக்கங்களின் எண்ணிக்கை அது. காலை 9 மணிக்கு அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், மறுநாள் 9 மணிக்கு மீண்டும் பாருங்கள். வித்தியாசத்தை 4 கேபியால் பெருக்கினால் அன்றைய ஸ்வாப் எழுத்து. வழக்கமான கணினிகளில் 2,62,144 பக்கம் சேர்ந்தால் 1 ஜிபி. இடையில் கணினியை அணைத்தால் எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்கும். சிராம் (ரேமிலேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப், பின்னால் வருகிறது) பயன்படுத்தினால் ரேமுக்குள்ளேயே போன பக்கங்களும் இதில் சேர்ந்துவிடும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் இப்படிக் குறித்து வைத்தால் உங்கள் கேள்விக்கு உங்கள் கணினியே பதில் சொல்லிவிடும்.

எஸ்எஸ்டி இதுவரை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது எப்படி?

ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பை நிறுவி, ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ரூட் (நிர்வாகி) அனுமதியுடன் ஓட்டுங்கள். என்விஎம்இ (வேகமான புதிய இணைப்பு வகை) டிரைவாக இருந்தால் மூன்று வரிகள் போதும். "பெர்சன்டேஜ் யூஸ்டு" என்பது உற்பத்தியாளர் கணித்த ஆயுளில் எத்தனை சதவீதம் செலவாகியிருக்கிறது என்பது. இது 100-ஐத் தாண்டியும் போகும். "அவைலபிள் ஸ்பேர்" என்பது கெட்டுப்போன பிளாக்குகளுக்கு மாற்றாக மிச்சமுள்ள இருப்பு. அது அதன் வரம்புக்கு அருகில் வந்தால் உடனே டிரைவை மாற்றுங்கள். "டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்" என்பதில் ஒரு அலகு 5,12,000 பைட். 12,34,567 என்று காட்டினால் சுமார் 632 ஜிபி எழுதியிருக்கிறீர்கள். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் அந்தக் கணக்கும் இருக்கும்.

சாட்டா (பழைய இணைப்பு வகை) டிரைவில் நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். மொத்த எழுத்து பெரும்பாலும் 241-ஆம் எண்ணில் வரும். தேய்மானம் சாம்சங்கில் 177, குரூஷியலில் 202. 177 போன்றவற்றில் பார்க்க வேண்டியது 100-லிருந்து இறங்கும் "வேல்யூ" நெடுவரிசையை. "ரா" நெடுவரிசையைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் அதிகம்.

ஸ்வாப்பை முழுவதும் அணைத்துவிட்டால் என்ன ஆகும்?

எஸ்எஸ்டிக்கு எழுத்து குறையும். கணினி வேகமாகும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். காரணம் இதுதான்: ஸ்வாப் இல்லாதபோது ரேமில் மட்டுமே உள்ள பக்கங்களுக்குப் போக்கிடம் இல்லை, எவ்வளவு பயனற்றுக் கிடந்தாலும் நகரா. நெருக்கடி வந்தால் கர்னல் எறியக்கூடியது கோப்பு நகல்களை மட்டும். அவற்றில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் குறிமுறையும் அடக்கம். எறிந்த மறுகணம் அதே குறிமுறை தேவைப்படும், டிஸ்கிலிருந்து படிக்கும், மீண்டும் எறியும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் நகராது, கீபோர்டுக்குப் பதில் வராது. ஸ்வாப்பே இல்லாத கணினி இப்படி நிமிடக்கணக்கில் உறைந்து நிற்பதைப் பார்த்துப் பலர் குழம்பிப் போகிறார்கள். கடைசியில் ஓஓஎம் கில்லர், அதாவது நினைவகம் தீரும்போது நிரல்களை நிறுத்தும் கர்னலின் பகுதி, ஏதோ ஒரு நிரலைக் கொல்லும். பெரும்பாலும் அது அதிக ரேம் பிடித்திருக்கும் பிரவுசர், அல்லது உங்கள் டேட்டாபேஸ்.

32 ஜிபி ரேம் வைத்து 6 ஜிபி மட்டும் பயன்படுத்துகிறவருக்கு இது எதுவும் நேராது. ஆனால் அவர் கணினியில் ஸ்வாப் இருந்தாலும் அது எழுதப்போவதில்லை. அணைத்து மிச்சப்படுத்த ஒன்றுமே இல்லை.

ஸ்வாப்பினஸ் எண்ணை எவ்வளவாக வைக்கலாம்?

பெரும்பாலான லினக்ஸில் இயல்பாக 60. "ரேம் 40 சதவீதம் நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும்" என்று பரவியிருக்கும் விளக்கம் தவறு. கோப்பு நகலை எறிந்து திரும்பப் படிக்கும் செலவு, ஸ்வாப்புக்கு எழுதித் திரும்பப் படிக்கும் செலவு, இந்த இரண்டையும் கர்னல் எந்த விகிதத்தில் எடைபோட வேண்டும் என்று சொல்லும் எண் இது. 100 என்றால் இரண்டும் சமம். 2020-இல் வந்த 5.8 கர்னலிலிருந்து 200 வரை வைக்கலாம்.

எஸ்எஸ்டியில் ஸ்வாப் எழுத்தைக் குறைக்க விரும்பினால் 10 முதல் 30 வரை வையுங்கள். 0 வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஸ்வாப்பைக் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போட்டு, பின் ஒரேயடியாக நெருக்கடியில் மாட்டிவிடும். மாற்றம் நிலைக்க, எட்சி கோப்புறையின் சிஸ்சிடிஎல் டாட் டி உட்கோப்புறையில் ஒரு கோப்பு உருவாக்கி அதில் விஎம் புள்ளி ஸ்வாப்பினஸ் சமம் 10 என்ற ஒரு வரி எழுதி, சிஸ்சிடிஎல் கட்டளையை சிஸ்டம் தெரிவுடன் ஓட்டினால் போதும். மாற்றும் முன்னும் பின்னும் பிஎஸ்டபிள்யூபிஅவுட் அளவை ஒப்பிடுங்கள். எண்ணை மாற்றிவிட்டு அளக்காமல் விட்டால் மாற்றியதற்கே அர்த்தமில்லை.

சிராம், சிஸ்வாப்: இரண்டில் எது?

எஸ்எஸ்டி எழுத்தைக் குறைக்க மென்பொருளில் நீங்கள் செய்யக்கூடிய சிறந்த காரியம் இந்த இரண்டில் ஒன்றை இயக்குவது. இரண்டும் பக்கங்களைச் சுருக்கி ரேமிலேயே வைப்பவை, ஆனால் அமைப்பு வேறு. ஆங்கிலத்தில் இரண்டு பெயரும் இசட் எழுத்தில் தொடங்கும்.

சிராம் என்பது ரேமுக்குள் ஒரு பொய் டிஸ்க். அதையே ஸ்வாப்பாகப் பயன்படுத்துகிறோம். வெளியே தள்ளப்படும் பக்கம் சுருங்கி ரேமிலேயே உட்காரும். எஸ்எஸ்டிக்கு ஒரு பைட்கூடப் போகாது. சாதாரண மேசைக் கணினியில் இரண்டுக்கு ஒன்று முதல் மூன்றுக்கு ஒன்றுவரை சுருங்கும். அதாவது 3 ஜிபி பக்கங்கள் 1 முதல் 1.5 ஜிபி ரேமில் அடங்கும். 2014 முதல் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. 2020-இல் வந்த ஃபெடோரா 33 முதல் அங்கே இயல்பான அமைப்பு. உபுண்டுவிலும் டெபியனிலும் சிராம் டூல்ஸ் தொகுப்பை நிறுவி, எட்சி கோப்புறையின் டீஃபால்ட் உட்கோப்புறையில் உள்ள சிராம்ஸ்வாப் கோப்பில் அல்கோ என்ற இடத்தில் இசட்எஸ்டிடி, பெர்சன்ட் என்ற இடத்தில் 50 என்று வைத்து சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். சிராம்சிடிஎல் கட்டளை கொடுத்தால் டேட்டா, காம்ப்ர் என்ற இரு நெடுவரிசைகளில் சுருக்கும் முன், சுருக்கிய பின் அளவுகள் தெரியும். சிராமுடன் ஸ்வாப்பினஸை 100-க்கு மேலே, 180 வரைகூட வைக்கலாம், ஏனென்றால் இங்கே ஸ்வாப் செலவு டிஸ்க் செலவைவிடக் குறைவு. விஎம் பேஜ் கிளஸ்டர் என்ற அமைப்பை 0 ஆக்குங்கள். இயல்பான 3, ஒரு பக்கம் கேட்டால் எட்டுப் பக்கம் முன்கூட்டியே படிக்கும். டிஸ்குக்கு அது நல்லது, சிராமுக்கு வீண்.

சிஸ்வாப் அப்படியல்ல. அதற்கு உண்மையான டிஸ்க் ஸ்வாப் இருந்தாக வேண்டும். அதற்கு முன்னால் ரேமில் ஒரு சுருக்கிய தாங்கலாக நிற்கும். நிரம்பியதும் பழைய பக்கங்களை எடுத்து எஸ்எஸ்டிக்கு அனுப்பும். கிரப் (கணினி தொடங்கும்போது கர்னலை ஏற்றும் நிரல்) அமைப்பில் கர்னல் வரியோடு சிஸ்வாப் எனேபிள்டு சமம் 1 என்று சேர்த்தால் இயங்கும். இயல்பாக ரேமில் 20 சதவீதம்வரை எடுத்துக்கொள்ளும்.

டிஸ்க் ஸ்வாப்பே வேண்டாம், ஹைபர்னேட்டும் (ரேமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டுக் கணினியை அணைப்பது) வேண்டாம் என்றால் சிராம். டிஸ்க் ஸ்வாப் வைத்தே தீர வேண்டும் என்றால் சிஸ்வாப். சிராமுக்கு முன்னுரிமை கொடுத்துப் பின்னால் டிஸ்க் ஸ்வாப்பையும் வைப்பதில் ஒரு பொறி இருக்கிறது: யாரும் தொடாத பழைய பக்கங்கள் முதலில் வந்து சிராமை அடைத்துக்கொள்ளும், அதன்பின் அடிக்கடி தேவைப்படும் பக்கங்கள்தான் எஸ்எஸ்டிக்குப் போகும். நாம் விரும்பியதற்கு நேர் எதிர். சிராம் ஓடும்போது சிஸ்வாப்பை அணைத்தே வையுங்கள். இல்லையென்றால் ஒரே பக்கத்தை இரண்டு முறை சுருக்கும் வெட்டி வேலை நடக்கும்.

எவ்வளவு ஸ்வாப் ஒதுக்க வேண்டும்?

ரெட் ஹாட் தரும் பரிந்துரை நல்ல தொடக்கம்: ரேம் 2 ஜிபிக்குள் என்றால் அதைப்போல் இரு மடங்கு, 2 முதல் 8 ஜிபி என்றால் ரேம் அளவே, 8 முதல் 64 ஜிபி என்றால் குறைந்தது 4 ஜிபி. ஸ்வாப்பைப் பெரிதாக வைப்பதால் மட்டும் தேய்மானம் கூடாது. ஆனால் நினைவகம் கசியும் நிரல் ஒன்று இருந்தால், 32 ஜிபி ஸ்வாப் அதை நெடுநேரம் எஸ்எஸ்டியை அரைக்க விடும். 4 ஜிபி ஸ்வாப் சீக்கிரமே நிரம்பி, ஓஓஎம் கில்லர் வந்து முடித்துவைக்கும்.

ஸ்வாப் கோப்பு உருவாக்கும்போது பிழை வருகிறது, ஏன்?

தனி பார்ட்டிஷனும் கோப்பும் வேகத்தில் ஒன்றுதான். தேய்மானத்திலும் ஒன்றுதான், ஏனென்றால் எஸ்எஸ்டியின் கட்டுப்படுத்தி எழுத்துகளைத் தன் விருப்பப்படி எல்லா செல்களிலும் பரப்பிக்கொள்கிறது. "ஸ்வாப் பார்ட்டிஷன் இருக்கும் மூலை மட்டும் தேயும்" என்ற பயம் தேவையற்றது. அளவை மாற்ற எளிது என்பதால் கோப்பே மேல்.

ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஃபாலோகேட் கட்டளையால் 4 ஜிபி கோப்பு உருவாக்குங்கள், அனுமதியை 600 ஆக்குங்கள், எம்கேஸ்வாப் ஓட்டுங்கள், ஸ்வாப்ஆன் கொடுங்கள், எஃப்எஸ்டேப் (தொடங்கும்போது எவற்றை இணைப்பது என்ற பட்டியல்) கோப்பில் ஒரு வரி சேருங்கள். கோப்பில் ஓட்டைகள் இருப்பதாக ஸ்வாப்ஆன் சொன்னால், ஃபாலோகேட்டுக்குப் பதில் டிடி கட்டளையால் 1 எம்பி பிளாக்காக 4,096 முறை சுழியங்களை எழுதி உருவாக்குங்கள். 0644 பாதுகாப்பற்றது என்று எச்சரித்தால் அனுமதி மாற்றும் படியை விட்டுவிட்டீர்கள். அந்த நிலையில் கணினியில் உள்ள யார் வேண்டுமானாலும் உங்கள் ரேமில் இருந்ததைப் படிக்கலாம். பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் சாதாரணக் கோப்பு வேலை செய்யாது. நகலெடுத்து எழுதும் முறையும் சுருக்கமும் அந்தக் கோப்புக்கு அணைந்திருக்க வேண்டும். புதிய பிடிஆர்எஃப்எஸ் கருவிகளில் இதற்கென்றே எம்கேஸ்வாப்ஃபைல் என்ற துணைக் கட்டளை இருக்கிறது, அது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

பழைய ஸ்வாப்பை ஸ்வாப்ஆஃப் கொடுத்து அகற்றும்போது நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்ற பிழை வந்தால், ஸ்வாப்பில் கிடப்பது ரேமில் கொள்ளவில்லை. நிரல்களை மூடுங்கள், அல்லது புதிய ஸ்வாப்பை முதலில் இயக்கிவிட்டுப் பழையதை அகற்றுங்கள்.

ஹைபர்னேட் செய்தால் எஸ்எஸ்டி தேயுமா?

ஒவ்வொரு முறையும் சில ஜிபி எழுதும். தினம் இரண்டு முறை, முறைக்கு 4 ஜிபி என்றால் ஆண்டுக்கு சுமார் 3 டெராபைட். தாங்கக்கூடியதே. சாதாரணத் தூக்க நிலையில் எதுவும் எழுதப்படுவதில்லை என்பதால், மதிய உணவுக்குப் போகும்போது அது போதும். இரவு முழுக்க மின்கலத்தைக் காக்க வேண்டுமென்றால் ஹைபர்னேட். சிராமில் ஹைபர்னேட் முடியாது. மின்சாரம் போனதும் அதுவும் போய்விடும்.

எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்கும் இரண்டும் இருக்கின்றன. ஸ்வாப்பை ஹார்ட் டிஸ்குக்கு மாற்றலாமா?

வேண்டாம். ஸ்வாப் படிப்பது துண்டு துண்டாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக. சுழலும் தட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் தலை நகர்ந்து நிற்க சுமார் 10 மில்லி விநாடி. நொடிக்கு நூறு துண்டு கிடைத்தாலே பெரிது. எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் தரும். எழுத்தைக் குறைக்க வேண்டுமென்றால் சிராம் இருக்கிறது.

விண்டோஸில் பேஜ்ஃபைலை என்ன செய்வது?

பேஜ்ஃபைல் என்பது விண்டோஸின் ஸ்வாப் கோப்பு. அதை "சிஸ்டம் மேனேஜ்டு சைஸ்" என்று விட்டுவிடுங்கள். 2009-இல் விண்டோஸ் 7 உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் இதே கேள்விக்கு அளந்து பதில் சொன்னார்கள்: பேஜ்ஃபைலில் ஒரு முறை எழுதினால் சுமார் 40 முறை படிக்கிறார்கள், படிப்பதில் 67 சதவீதம் 4 கேபிக்குள், ஆகவே எஸ்எஸ்டியில் வைக்க இதைவிடப் பொருத்தமான கோப்புகள் சிலவே.

பேஜ்ஃபைலை அணைத்தால் விண்டோஸில் லினக்ஸைவிட வேறு மாதிரியான தொல்லை வரும். நிரல்கள் கேட்கும் நினைவகத்துக்கு விண்டோஸ் முன்கூட்டியே உறுதி கொடுக்கும். அந்த உறுதியின் எல்லை ரேமும் பேஜ்ஃபைலும் சேர்ந்தது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்தில் "கமிட்டட்" என்று 14.8/15.9 ஜிபி போலத் தெரியும். இரண்டாவது எண்ணைத் தொட்டதும், ரேமில் 3 ஜிபி காலியாக இருந்தாலும் நிரல்கள் நினைவகம் போதவில்லை என்று விழும். கேம்களும் வீடியோ எடிட்டர்களும் முதலில் பலியாகும். நீலத்திரை வந்தால் அதன் பதிவு கோப்பும் சேமிக்கப்படாமல் போகலாம்.

எழுத்தைக் குறைப்பதே நோக்கமென்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைப்பது நல்ல வழி. அது ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் கர்னல் நினைவகத்தை ஹைபர்னேட் கோப்பில் எழுதுகிறது. ஹைபர்னேட்டே வேண்டாதவர்கள் நிர்வாகி அனுமதியுடன் பவர்சிஎஃப்ஜி கட்டளையில் ஹைபர்னேட்டை ஆஃப் செய்தால் பல ஜிபி இடமும் திரும்பக் கிடைக்கும்.

மேக்கில்?

அங்கே நீங்கள் மாற்ற வேண்டியது ஏதுமில்லை. 2013 முதல் மேக் ரேமைச் சுருக்கி வைத்துவிட்டே ஸ்வாப்புக்குப் போகிறது. ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் வரைபடம் பச்சையாக இருந்தால் ஸ்வாப் எண்ணைப் பார்க்காதீர்கள். எப்போதும் மஞ்சளிலும் சிவப்பிலும் நின்றால் வேறு விஷயம்: பெரும்பாலான புதிய மேக்குகளில் ரேமும் சேமிப்பகமும் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டவை, பின்னால் கூட்டவோ மாற்றவோ முடியாது. ஆகவே மேக் வாங்கும்போது ரேமில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

ட்ரிம் ஸ்வாப்புக்கும் தேவையா?

எந்த இடங்கள் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வதுதான் ட்ரிம். கோப்பு முறைமைகளுக்கு வாரம் ஒருமுறை எஃப்எஸ்ட்ரிம் டைமர் ஓடினால் போதும். பல லினக்ஸ்களில் இயல்பாகவே ஓடுகிறது. அது ஸ்வாப் பார்ட்டிஷனைத் தொடாது. அதற்கு எஃப்எஸ்டேப் வரியில் டிஸ்கார்ட் சமம் ஒன்ஸ் என்று சேர்த்தால், கணினி தொடங்கும்போது ஒருமுறை முழுவதையும் விடுவிக்கும். யுஎஸ்பி உறைக்குள் போட்ட எஸ்எஸ்டிக்கு ட்ரிம் போய்ச் சேர்கிறதா என்று எல்எஸ்பிஎல்கே கட்டளையை டிஸ்கார்ட் தெரிவுடன் ஓட்டிப் பாருங்கள். சுழியம் காட்டினால் போகவில்லை.

ராஸ்ப்பெரி பையில் மெமரி கார்டில் ஸ்வாப் வைக்கலாமா?

கூடாது. எஸ்டி கார்டின் கட்டுப்படுத்தி எளியது, மாற்று பிளாக் இருப்பும் சொற்பம். எஸ்எஸ்டிக்கு நாம் போட்ட கணக்கு இங்கே செல்லாது. சிராம் போடுங்கள்.

ஸ்வாப்பில் எழுத்து இல்லை, ஆனாலும் தேய்மானம் ஏறுகிறது. யார் எழுதுகிறார்கள்?

ஐஓடாப் கட்டளையைக் கூட்டுத்தொகை காட்டும் தெரிவுடன் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். பெரும்பாலும் பிரவுசர்தான் மேலே வரும். ஃபயர்ஃபாக்ஸ் திறந்திருக்கும் டேபுகளின் நிலையை இயல்பாக 15 விநாடிக்கு ஒருமுறை சேமிக்கிறது. நூறு டேப் திறந்து வைக்கிறவர்கள் அந்த இடைவெளியை 60 விநாடி ஆக்கினால் வித்தியாசம் தெரியும். மெய்நிகர் கணினிகள், டாக்கர் பதிவுகள், டோரண்ட் ஆகியவை அடுத்த சந்தேக நபர்கள். 2016-இல் ஸ்பாட்டிஃபை மேசைச் செயலி ஒரு பிழையால் பாட்டுக் கேட்காதபோதும் ஜிபி ஜிபியாக எழுதியது தெரியவந்து திருத்தப்பட்டது. அன்று ஸ்வாப்பைக் குறைசொல்லி அணைத்தவர்களுக்கு ஒரு பயனும் கிடைத்திருக்காது.

தேய்மானம் 3 சதவீதம்தான். பேக்அப் எடுக்காமல் இருக்கலாமா?

இருக்கக் கூடாது. எஸ்எஸ்டிகள் தேய்ந்து சாவதைவிட, கட்டுப்படுத்தி பழுதாகியோ ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) பிழையாலோ ஒரே நொடியில் காணாமல் போவது அதிகம். 2019-இல் ஹெச்பி எண்டர்பிரைஸ் தன் சில சர்வர் எஸ்எஸ்டிகளைப் பற்றி எச்சரித்தது: மின்சாரத்தில் இருந்த நேரம் 32,768 மணி ஆனதும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில், அவை முற்றிலும் செயலிழக்கும், உள்ளே இருந்ததும் போகும். ஒரே நாளில் மாட்டிய டிரைவுகள் ஒரே நேரத்தில் போகும் என்பதால் ரெய்டும் (பல டிரைவுகளைச் சேர்த்துத் தரவைக் காக்கும் முறை) காப்பாற்றாது. தீர்வு ஒரு ஃபர்ம்வேர் அப்டேட். உங்கள் டிரைவுக்கு அப்டேட் இருக்கிறதா என்று ஆண்டுக்கு இருமுறையாவது பாருங்கள். போடும் முன் பேக்அப் எடுங்கள்.

100 சதவீதம் தேய்ந்த டிரைவை அலமாரியில் சேமிப்பாக வைக்கலாமா?

வைக்காதீர்கள். தேய்ந்த செல்லில் எலெக்ட்ரான் தங்காது. ஜெடெக் (குறைக்கடத்தித் துறையின் தரநிலை அமைப்பு) தரநிலை, மதிப்பிட்ட ஆயுள் முழுவதும் எழுதி முடித்த வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டியிடம் கேட்பது, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓர் ஆண்டு தரவைக் காத்திருந்தால் போதும் என்றுதான். வெப்பம் கூடினால் அந்தக் காலம் இன்னும் குறையும். அதில் உள்ளதை இன்றே வேறொரு டிஸ்குக்கு நகலெடுங்கள். பழைய டிரைவ், போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய தற்காலிகக் கோப்புகளுக்கு உதவும்.